தடம் எங்கே, தண்ணீர் எங்கே: கொங்குப் பக்கம் புதிதாகத் தோட்டம் வாங்குகிறவர்களுக்கு

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் பூமி விலை பேசும்போது ஊர்க்காரர் முதலில் கேட்பது "தடம் இருக்குதுங்களா?" என்பதுதான். நகரத்திலிருந்து வாங்க வருகிறவர்களும் இதை எப்படியோ தெரிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். கார் போகுமா, லாரி திரும்புமா, தார் ரோட்டிலிருந்து எத்தனை தூரம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அடுத்த கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மழைத்தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, இந்தப் பூமியைத் தாண்டி எங்கே போகிறது?

எங்கள் பக்கம் இவை இரண்டும் ஒரே கேள்விதான். இட்டேரியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டு பக்கமும் மண்கரை, கரைமேல் கிளுவை, வேலா, இடையிடையே பிரண்டை, ஆவாரம். நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் தடம். மாடும் வண்டியும் நடந்து நடந்து, மழையும் அரித்து, தடம் பக்கத்துக் காட்டைவிட இரண்டடி மூன்றடி தாழ்ந்து கிடக்கும். காடு என்று நாங்கள் சொல்வது பயிர் செய்கிற நிலத்தை. வெயில் காலத்தில் அதில் வண்டி போகும். மழை பெய்தால் காட்டுத் தண்ணீர் அதில் இறங்கி, புல்லில் மண்ணை விட்டுவிட்டு, மெதுவாகப் பள்ளத்துக்குப் போகும். பள்ளம் என்று நாங்கள் சொல்வது ஓடையை. பள்ளத்துத் தண்ணீர் குட்டைக்கோ, நொய்யலுக்கோ, அமராவதிக்கோ சேரும்.

ஆனால் அரசுப் பதிவேட்டில் இட்டேரி வெறும் பாதை. அதில் தண்ணீர் போவதாக எந்தக் காகிதமும் பெரும்பாலும் சொல்லாது. ரோடு போடுகிறவர் காகிதத்தைப் பார்த்துத்தான் போடுவார். அதனால், பாதை காகிதத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, தண்ணீரைக் காகிதத்தில் ஏற்றுவதும் பூமி வாங்குகிறவரின் வேலை. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதுதான்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்: காகிதங்கள்

பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எல்லோரும் பார்ப்பார்கள். அவை போதாது. இன்னும் மூன்று வேண்டும்: அ-பதிவேடு (கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யார் பேரில் என்று சொல்லும் பதிவேடு), புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்), மூலப்பத்திரம் (விற்கிறவர் கையில் இருக்கும் பழைய பத்திரம்).

அ-பதிவேடும் புலப்படமும் தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப் பதிவுச் சேவையில் கிடைக்கும். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் போதும். நீங்கள் வாங்கும் எண்ணுக்கு மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிடாதீர்கள். புலப்படத்தில் உங்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே, நாலு பக்கமும் பக்கத்துச் சர்வே எண்கள் குறித்திருக்கும். அவை ஒவ்வொன்றையும் அ-பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். 'வண்டிப்பாதை', 'ஓடை', 'வாய்க்கால்', 'குட்டை' என்று ஏதாவது ஒன்று புறம்போக்காக வந்தால், அதுதான் உங்கள் பூமிக்கு உயிர். அந்தச் சேவையிலேயே ஒரு எண் புறம்போக்கா என்று சரிபார்க்கவும் தனி வசதி இருக்கிறது.

புலப்படத்தைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பட்டா நிலத்துக்குள்ளேயே இரட்டைக் கோடாகவோ புள்ளிக் கோடாகவோ ஒரு தடமோ வாய்க்காலோ குறுக்கே ஓடலாம். விற்கிறவர் "அதெல்லாம் பழசுங்க, இப்ப ஆரும் போறதில்லீங்க" என்பார். இருக்கலாம். ஆனாலும் அந்தக் கோட்டின் இரண்டு முனையும் எங்கே போய்ச் சேருகிறது என்று அடுத்த எண்ணின் புலப்படத்தையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். மேலே நாலு தோட்டத்துக்கு அதுதான் வழி என்றால், நாளைக்கு அவர்கள் உங்கள் வேலிக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கும்.

அளவையும் கூட்டிப் பாருங்கள். 1 ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர், 1 ஏர் என்பது கிட்டத்தட்ட 2.47 சென்ட். பத்திரத்தில் இருக்கும் ஏக்கர் கணக்கும் பட்டாவில் இருக்கும் ஹெக்டேர் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசம் பல சமயம் பாதையிலோ ஓடையிலோதான் இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில், ஊரில் யு.டி.ஆர். என்பார்களே அதில், சில இடங்களில் பிழைகள் நேர்ந்தன. சந்தேகம் இருந்தால் அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மூலப்பத்திரத்தை முழுக்கப் படியுங்கள். கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில்தான் விஷயம் இருக்கும். 'மேற்படி பூமிக்கு வண்டி வாகனம், கால்நடைகள் போக வர உண்டான மாமூல் தட பாத்தியம் சகிதம்', அதாவது வழக்கமான வழியில் போகிற உரிமையோடு, என்று ஒரு வரி இருக்கிறதா? அந்தத் தடம் எந்தச் சர்வே எண்ணில், எத்தனை அடி அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இருக்கிறதா? பழைய பத்திரங்களில் 'மாமூல் தடம்' என்பதோடு நின்றிருக்கும். உங்கள் பத்திரம் எழுதும்போது அதை விரிவாக எழுதச் சொல்லுங்கள். அப்படியே தண்ணீருக்கும் ஒரு வரி சேருங்கள்: மேல்காட்டு மழைநீர் எந்த மூலையில் உள்ளே வந்து எந்த மூலையில் வெளியேறுகிறது என்று. பத்திரம் எழுதுகிறவர் புருவத்தை உயர்த்துவார், பரவாயில்லை. அந்த ஒரு வரிக்காக வெயிலில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தடம் தனியார் பட்டாவில் போகிறது, பத்திரத்தில் இல்லை, ஆனால் காலம்காலமாகப் போய்வருகிறார்கள் என்ற நிலையும் உண்டு. 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகப் பயன்படுத்திய வழிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அரசு நிலத்தின் மேல் என்றால் 30 வருஷம். ஆனால் வழியை யாராவது அடைத்துவிட்டால், அடைத்த 2 வருஷத்துக்குள் நீதிமன்றம் போய்விட வேண்டும். சொந்தக்காரர்தானே, பேசிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்துகிறவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். பேசுங்கள், ஆனால் தேதியை மறக்காதீர்கள்.

மழை பெய்த மறுநாள் நடந்து பாருங்கள்

பூமியை வெயில் நாளில் காட்டுவார்கள். நீங்கள் இன்னொரு முறை ஐப்பசியிலோ கார்த்திகையிலோ, மழை விட்ட மறுநாள் காலையில், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நடந்து பாருங்கள். நம் பக்கத்தின் காய்ந்த வட்டங்களில் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான் மழை. அதிலும் பெரும்பகுதி சில நாட்களில் கொட்டிவிடும். அதனால் தண்ணீர் எங்கே போகும் என்று வருஷத்தில் பத்து நாள் மட்டும்தான் பூமி சொல்லும்.

மழை நாளில் போக முடியாவிட்டாலும் தடயங்கள் இருக்கும். வேலியின் அடியில் சருகும் பிளாஸ்டிக்கும் ஒரே மட்டத்தில் சிக்கியிருந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. கொழுக்கட்டைப் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து படிந்திருந்தால் ஓட்டம் அந்தப் பக்கம். வறண்ட காட்டில் ஒரு மூலையில் மட்டும் கோரை பச்சையாக நின்றால் அங்கே தண்ணீர் தேங்குகிறது. தடத்தில் குறுக்கே மெல்லிய மணல் திட்டு இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் தடத்தைக் கடக்கிறது. இதில் கடைசியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஏற்கெனவே சிறுபாலம் இருந்தால் குனிந்து உள்ளே பாருங்கள். குழாயில் பாதிக்கு மேல் மண் அடைந்திருக்கிறதா? ஒரு முனை திறந்தும் மறுமுனை யாரோ ஒருவரின் புதுக் காம்பவுண்டுச் சுவரில் முட்டியும் நிற்கிறதா? எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒன்று உண்டு. பாலம் இருக்கிறது, பாலத்தின் மேல் கட்டிய வருஷமும் எழுதியிருக்கிறது, தண்ணீர் போக மட்டும் வழி இல்லை.

தடம், பள்ளம், குட்டை மூன்றையும் கைப்பேசியில் படமெடுங்கள். தேதி தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு அளவுகோலையோ மண்வெட்டியையோ நிறுத்தி எடுத்தால் அளவும் தெரியும். இந்தப் படங்கள் அஞ்சு வருஷம் கழித்து உதவும்.

ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்வது

மனு கொடுத்தவர்களில் பாதிப்பேர் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ரோடு என்றால் எல்லாம் ஒரே ரோடு இல்லை. ஊருக்குள்ளேயும் தோட்டங்களுக்குப் போவதும் பெரும்பாலும் ஊராட்சிச் சாலை. இரண்டு மூன்று ஊர்களை இணைப்பது ஊராட்சி ஒன்றியச் சாலை. இவை இரண்டுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இருக்கும் ஒன்றியப் பொறியாளரும் பணி மேற்பார்வையாளரும்தான் ஆள். ஊரில் மேற்பார்வையாளரை ஓவர்சீயர் என்பார்கள். அதற்கு மேல் மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலையும் நெடுஞ்சாலைத் துறையிடம். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடாக இருந்தால் தொடக்கத்தில் ஒரு பலகை நிற்கும். நீளம், செலவு, வேலை எடுத்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அந்தத் திட்டத்தில் போட்ட ஒப்பந்ததாரரே முதல் 5 வருஷம் பராமரிக்க வேண்டும்.

தண்ணீருக்கும் இப்படி ஒரு பிரிவு உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள குளம் நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம். குட்டையும் பெரும்பாலும் உள்ளாட்சிதான். நிலம் என்ற முறையில் புறம்போக்கு முழுக்க வருவாய்த் துறைக்குள் வரும். அதனால் ஆக்கிரமிப்பு என்றால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்ற வரிசைதான். கீழ்பவானி ஆயக்கட்டில் வாங்குகிறீர்கள் என்றால் கொப்பு வாய்க்கால் (கிளை வாய்க்கால்), மதகு, முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப் பாசனம் என்று அது தனி உலகம். உங்கள் பூமி ஒற்றைப்படை மதகா இரட்டைப்படை மதகா என்பதில் தொடங்கி அந்தந்தப் பாசனச் சபைக்காரர்களிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கியாச்சு. வேலி, கேட், குழாய்

புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்வது கம்பிவேலி. அதற்கு முன்னால் நில அளவருக்கு விண்ணப்பித்து அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி, கல் நட்டுக்கொள்ளுங்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லோரும் இருக்கட்டும். ஒரு டீ, ஒரு பன், அரை நாள். பின்னால் வரக்கூடிய பத்து வருஷச் சண்டை அதில் போய்விடும்.

கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வேலியின் வேர்தான் கரையைப் பிடித்து நிற்கிறது. ஜேசிபி வைத்து ஒரே நாளில் அதை எடுத்தால் அடுத்த மழைக்குக் கரை சரிந்து தடத்தில் விழும், தடத்து மண் பள்ளத்தை மூடும். கம்பி வேண்டுமென்றால் கிளுவைக்கு உள்பக்கமாக ஒரு மூன்றடி தள்ளிப் போடுங்கள். கீரிப்பிள்ளைக்கும் கவுதாரிக்கும் வீடு மிஞ்சும். புறம்போக்கில் நிற்கிற மரத்தை, அது உங்கள் வேலியோரமாக இருந்தாலும், அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது.

கேட்டை உங்கள் எல்லைக்குள் வையுங்கள். பொதுத் தடத்தின் நடுவே கேட் போட்டு, "திறந்துதானே வச்சிருக்கோம்" என்று சொல்வது எங்கேயும் நிற்காது. கேட்டுக்கு முன்னால் ரோட்டோர வாய்க்கால் ஓடினால் மண்ணைக் கொட்டி மூடிவிட்டு வண்டியை ஏற்றாதீர்கள். குழாய் போட்டு அதன்மேல் ஏறுங்கள், குழாயின் வாயும் வாலும் வாய்க்காலின் அடிமட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அரையடி உயர்ந்துவிட்டால் உங்கள் வாசலில் எப்போதும் சேறுதான்.

கிணற்றிலிருந்து ரோட்டுக்கு மறுபக்கம் தண்ணீர் கொண்டு போக வேண்டியிருந்தால், ரோடு யாருடையதோ அவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிய பிறகுதான் தோண்ட வேண்டும். குழாயைப் பெரிய குழாய் ஒன்றுக்குள் விட்டு இழுங்கள். பின்னால் உடைந்தால் ரோட்டைத் தொடாமல் உருவி மாற்றலாம்.

தார் ரோடு வருகிறது

இதுதான் முக்கியமான கட்டம், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எங்கள் இட்டேரிக்கும் தார் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பால் வண்டி வரும், பள்ளிக்கூட வேன் வரும், மழையில் ஆஸ்பத்திரி போக முடியும். ஜல்லி போட்டு, கிராவல் போட்டு, தடத்தை இரண்டரை அடி உயர்த்தினார்கள். முன்பு தாழ்ந்து கிடந்த தடம் இப்போது காட்டைவிட உயர்ந்துவிட்டது. குறுக்கே மணல் திட்டு இருந்த இடம் என்று சொன்னேனே, அந்த இடத்தில் ஓரடிக் குழாய் ஒன்றை வைத்து மூடிவிட்டார்கள். வேலை எடுத்தவரிடம் கேட்டோம். "எஸ்டிமேட்ல இவ்வளவுதானுங்க" என்றார். அதோடு விட்டோம். அதுதான் நாங்கள் செய்த தவறு.

அந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி 9 சென்டிமீட்டர் மழை. விடிந்து போய்ப் பார்த்தால் சின்ன வெங்காயக் காடு குளமாக நிற்கிறது. தாளின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது, அதுவும் காற்றுக்கு ஆடவில்லை, சேறு அப்பிக் கிடந்தது. குழாயின் வாயில் ஒரு தென்னை மட்டையும் உரச் சாக்கும் அடைத்திருந்தன. பக்கத்துத் தோட்டத்து மாமா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "தம்பி, கடப்பாரை இருந்தா எடுத்துட்டு வாங்க, ரோட்டை வெட்டி உட்டர்லாம்" என்றார். வெட்டவில்லை. வெட்டியிருந்தால் பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு வந்திருக்கும், பள்ளிக்கூட வேனும் நின்றிருக்கும். டீசல் மோட்டார் வைத்து இறைத்தோம். மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாள் தண்ணீரில் நின்ற வெங்காயம் மிஞ்சுமா?

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மேலே 40 ஏக்கர் காடு எங்கள் பக்கம் சரிகிறது. 9 சென்டிமீட்டர் மழை என்றால் அந்த 40 ஏக்கரில் விழுவது சுமார் 1 கோடியே 45 லட்சம் லிட்டர். மண் குடித்தது போக மூன்றில் ஒரு பங்கு ஓடி வந்தாலும் 48 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 400 லாரி. அதை ஓரடிக் குழாய் வழியாக அனுப்பப் பார்த்திருக்கிறோம்.

குழாய்க் கணக்கை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். விட்டம் இரண்டு மடங்கானால் தண்ணீர் போகிற வாய் நாலு மடங்கு. 30 சென்டிமீட்டர் குழாயின் வாய் 0.07 சதுர மீட்டர், 60 சென்டிமீட்டருக்கு 0.28, 90 சென்டிமீட்டருக்கு 0.64. அதாவது 60 சென்டிமீட்டர் குழாய் இரண்டை அடுக்கினாலும் ஒரு 90 சென்டிமீட்டர் குழாய்க்கு ஈடாகாது. அதோடு பெரிய குழாய் என்றால் ஆள் உள்ளே குனிந்து மண் அள்ளலாம், மட்டையும் சாக்கும் சீக்கிரம் அடைக்காது. செலவைக் காரணம் காட்டிச் சின்னக் குழாய் இரண்டு தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எனவே ரோடு வருகிறது என்று பேச்சு கேட்ட அன்றைக்கே தொடங்குங்கள். மதிப்பீடு தயாரிக்க ஓவர்சீயர் டேப்போடு வந்து அளக்கிற நாள் ஒன்று இருக்கும். ஊராட்சிச் செயலரிடம் கேட்டால் தெரியும். அன்றைக்குக் கூடவே நடங்கள். தண்ணீர் கடக்கிற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, மழை நாளில் எடுத்த படத்தைக் காட்டுங்கள். மதிப்பீட்டில் ஏறாத பாலம், வேலை தொடங்கிய பிறகு வருவது ரொம்பச் சிரமம். வேலை எடுத்தவர் மேல் கோபப்பட்டு என்ன பயன், அவர் கையில் இருக்கும் தாளில் அது இல்லை.

வாயால் சொன்னதை அன்றே எழுத்திலும் கொடுங்கள். மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. நாங்கள் கடைசியில் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"இந்தக் கிராமத்தில் இன்ன சர்வே எண் பாதையில் அமைக்கப்பட்ட சாலையின் குறுக்கே, இன்ன சர்வே எண்ணின் வடகிழக்கு மூலையில், கிழக்கிலிருந்து மேற்காக மழைநீர் கடந்து பள்ளத்தில் சேருகிறது. மேலே சுமார் 40 ஏக்கர் நிலத்தின் நீர் இவ்வழியே வருகிறது. தற்போதுள்ள 30 செ.மீ. குழாய் போதாமல் 3 நாள் நீர் தேங்கிப் பயிர் அழிந்தது. படங்கள், புலப்படம் இணைத்துள்ளோம். அவ்விடத்தில் 90 செ.மீ. உள்விட்டக் குழாய் இரண்டு வரிசை அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கீழே பதினொரு பேர் கையெழுத்து. ஒன்றிய அலுவலகத்தில் ஒன்று, மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் ஒன்று, மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். கிராம சபையில் தீர்மானமும் போட்டோம். அடுத்த ஆடிக்குள் இரண்டு குழாயும் வந்தன.

கிராம சபை என்றதும் சிலர் அலட்சியமாகச் சிரிப்பார்கள். சிரிக்காதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்றைக்குத் தண்ணீர் விஷயம் எடுத்தால் யாரும் தள்ளிப்போட முடியாது. தலைவர் இருந்தாலும், தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும், சபை உண்டு. உங்கள் கோரிக்கையைச் சர்வே எண்ணோடு எழுதி எடுத்துப்போய், தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மரியாதையாகவே மறுத்துவிடலாம்.

இன்னொன்று. ரோட்டை அகலப்படுத்த உங்கள் பட்டா நிலத்தில் நாலடி கேட்டு வருவார்கள். கிராமச் சாலைத் திட்டங்களில் பெரும்பாலும் நிலத்துக்குப் பணம் கிடையாது, விவசாயிகள் விட்டுக்கொடுப்பதுதான். கொடுங்கள், எல்லோருக்கும் பயன்படுகிற காரியம். ஆனால் சம்மதக் கடிதத்தில் எத்தனை அடி, எந்த எண்ணில் என்பதோடு, தண்ணீர் கடக்கிற இடத்தில் சிறுபாலம் அமைத்துத் தர வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பேச்சுக்கு அதிக மதிப்பு இருக்கிற நேரம் அதுதான்.

அடைத்துவிட்டார்கள் என்றால்

முதலில் போய்ப் பேசுங்கள். ஊரில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, சாயங்காலம், அவர் வீட்டுத் திண்ணையில். "ஏனுங்க மாமா, மழை வந்தா எங்க காட்டுல நிக்குதுங்க, வாய்க்காலைக் கொஞ்சம் உட்டுக் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி அங்கேயே முடியும். புதிதாக வந்தவர் நேரே மனுவோடு போனால், சின்ன விஷயமும் ஊர் விஷயமாகிவிடும்.

முடியவில்லை என்றால் வட்டாட்சியருக்கு மனு. புறம்போக்கு ஆக்கிரமிப்பை எடுக்க 1905 ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. அதில் முதலில் அறிவிப்புக் கொடுத்து, பதிலைக் கேட்டு, அப்புறம்தான் அகற்றுவார்கள். பெரிய குளங்களுக்கு 2007 ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மனுவில் இதை ஒரு வரி குறிப்பிடுவது நல்லது.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன் எடுக்கவில்லை?' என்று கேட்காதீர்கள், அதற்குத் தகவல் கிடையாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: என் மனு மீதான கோப்பின் நகல், அந்தப் புறம்போக்கின் அளவை வரைபடம், ரோட்டின் மதிப்பீட்டு நகல், சிறுபாலங்களின் பட்டியல். மதிப்பீட்டில் இருந்து தரையில் இல்லாத பாலம் ஒன்று இதில் வெளிவந்தால், அப்புறம் வேலை தானாக நடக்கும்.

தண்ணீர் வருவது மட்டும் போதாது

இட்டேரிகள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருப்பதால் ராத்திரியில் வண்டி கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கோழிக் கழிவு, தென்னை நார்த்தூள் ஊறிய காவித் தண்ணீர், சாயக் கழிவு. நொய்யலுக்கு நடந்ததை நாம் பார்த்தோம். 1992-ல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற இடமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் அது போனது. கீழே இருக்கிற கிணறுகள் உப்பாகி, தென்னை பட்டுப்போன பிறகு வந்த உத்தரவு அது. உங்கள் தடத்தில் வண்டி நின்றால் வண்டி எண், நேரம், படம் மூன்றையும் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அன்றைக்கே கொடுங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதியலாம். தனியாகப் போய் மறிக்காதீர்கள்.

நம் பங்கும் இருக்கிறது. மருந்தடிக்கிற டேங்கைப் பள்ளத்திலோ குட்டையிலோ கழுவக் கூடாது. மருந்துப் புட்டியை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிடலாம். எருக்குழி பள்ளத்தின் கரையில் வேண்டாம், மேட்டில் வையுங்கள்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. சந்தோஷம்தான். அதனால் மழைநீர் வரும் வழி இனித் தேவையில்லை என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் அடி போர் போட்டும் காற்று வருகிற ஊர்களில் அப்படிப் பேசுவதைக் கேட்க வயிறு எரிகிறது.

ரோட்டில் நாம் நடந்துகொள்ள வேண்டியதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேஜ் வீலோடு (சேற்றில் உழ மாட்டுகிற இரும்புச் சக்கரம்) டிராக்டரைத் தார் ரோட்டில் ஓட்டாதீர்கள், கழற்றி டிரெய்லரில் ஏற்றிக்கொள்ளுங்கள். டிரெய்லருக்குப் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். சோளத் தட்டையையும் கொள்ளுக்கொடியையும் ரோட்டில் பரப்பினால் அதில் சறுக்கி விழுவது டவுனுக்கு வேலைக்குப் போகிற நம் ஊர்ப் பிள்ளைகள்தான். களம் இல்லாதவர்கள் கிராம சபையில் உலர்களம் கேளுங்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள்

மழை தொடங்குவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தடத்தில் தோட்டம் இருக்கிற எல்லோரும் வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும். இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, அரிவாள், நாலு காலிச் சாக்கு. குழாயின் வாயிலும் வாலிலும் இருக்கிற மண்ணை அள்ளித் தடத்துப் பக்கம் போடாமல் காட்டுப் பக்கம் போடுங்கள், தடத்தில் போட்டால் அடுத்த மழையில் திரும்பவும் குழாய்க்குள்தான் போகும். வாய்க்கு நாலடி முன்னால் குறுக்கே நாலைந்து கல்லுக்கால் நட்டுவிட்டால் மட்டையும் சாக்கும் அங்கேயே நின்றுவிடும், கையால் எடுத்துவிடலாம். வேலை முடிந்ததும் குழாய்க்குள் டேப்பை வைத்து, அடியிலிருந்து உச்சிவரை எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, தேதி எழுதி, பத்திரம் வைத்திருக்கிற கோப்பிலேயே சொருகி வையுங்கள். எங்கள் கோப்பில் இப்போது ஆறு படம் இருக்கிறது.